போவா பாம்பின் நிறப்பெயர்கள்: கண்ணுக்குத் தெரிவது பாதி, மீதி வம்சாவளி

அமெரிக்காவின் ஊர்வன விற்பனைக் கண்காட்சிகளில் வரிசையாக அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்களைப் பார்க்கலாம். ஒன்றினுள் விரல் தடிமனில் சுருண்டு கிடக்கிறது ஓர் ஆரஞ்சு நிறக் குட்டிப் பாம்பு. மூடியில் ஒட்டிய சீட்டில் ‘கால் சன்குளோ, ஆண், 66 சதவீத ஹெட் அனெரி’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்து டப்பாவில் ஏறக்குறைய அதே நிறத்தில் இன்னொரு குட்டி. அதன் சீட்டில் ‘ஷார்ப் அல்பினோ’ என்று மட்டுமே இருக்கிறது. விலை வேறு. புதிதாக வந்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இந்தச் சீட்டுகளில் உள்ளவை வெறும் நிறத்தின் பெயர்கள் அல்ல. அந்தப் பாம்பின் தாய் தந்தையைப் பற்றி வளர்ப்பவர் முன்வைக்கும் ஓர் உரிமைகோரல் அது. நிறம் அதற்கு ஒரு சாட்சி; பல நேரங்களில் அரைகுறைச் சாட்சி.

போவா எது, மலைப்பாம்பு எது

தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் இரண்டையும் ‘மலைப்பாம்பு’ என்றே எழுதிவிடுகின்றன. இரண்டும் இரையைச் சுற்றி நெரிப்பவை, இரண்டுக்கும் நஞ்சில்லை என்பதால் குழப்பம் இயல்பு. ஆனால் மலைப்பாம்பு முட்டையிடும். போவா குட்டி போடும். ‘போவா கன்ஸ்ட்ரிக்டர்’ என்று 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட இந்தப் பாம்பு மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை பரவியிருக்கிறது. மத்திய அமெரிக்காவிலும் கொலம்பியாவிலும் வாழ்பவற்றை அண்மைக் கால மரபணு ஆய்வுகள் ‘போவா இம்பரேட்டர்’ என்ற தனி இனமாகப் பிரித்துவிட்டன. வளர்ப்பில் உள்ள நிறவகைகளில் பெரும்பான்மை இந்த இம்பரேட்டரில் தோன்றியவையே. நம் ஊர் வயல்களில் காணும் மண்ணுளிப் பாம்பு இவற்றுக்குத் தூரத்து உறவு.

இயல்பான போவாவின் உடல் பழுப்பும் சாம்பலும் கலந்திருக்கும். முதுகில் குதிரைச் சேணம் போன்ற அடர்ந்த திட்டுகள் தலையிலிருந்து வால் வரை வரிசையாக வரும். வாலை நெருங்க நெருங்க அவை செம்மை ஏறும். இந்த இயல்பு வடிவம் மனத்தில் பதியாமல் மாறுபட்ட வடிவங்களை அடையாளம் காண முயல்வது வீண். எது குறைந்திருக்கிறது, எது கூடியிருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளும் இதை வைத்தே எழுகின்றன.

நிறம் எங்கிருந்து வருகிறது

பாம்பின் தோலில் நிறம் தரும் செல்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. மெலனின் என்னும் கறுப்பு, பழுப்பு நிறமியைச் சுமக்கும் செல்கள் ஒரு வகை. மஞ்சளையும் சிவப்பையும் சுமக்கும் செல்கள் இன்னொரு வகை. மூன்றாம் வகையில் நிறமியே இல்லை. நுண்ணிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. சட்டை உரித்த மறுநாள் போவாவின் உடலில் ஓடும் வானவில் மினுமினுப்பு மட்டும் வேறு கணக்கு. அது செதிலின் மேற்பரப்பு அமைப்பால் விளைவது.

‘மார்ஃப்’ என்று வளர்ப்பாளர்கள் அழைப்பது, இந்த அமைப்பில் ஏதோ ஒரு கண்ணியை மாற்றும் மரபணுப் பிறழ்வைத்தான். மெலனின் உற்பத்தி நின்றால் அல்பினோ. மெலனின் குறைந்தால் ஹைப்போ. சிவப்பு போய்விட்டால் அனெரித்ரிஸ்டிக், சுருக்கமாக அனெரி. நிறங்கள் அனைத்தும் இருந்து, திட்டுகளின் அமைப்பு மட்டும் குலைந்தால் அது வடிவ மார்ஃப். மோட்லி, ஜங்கிள், அரபெஸ்க் போன்றவை இந்த வகை.

சீட்டில் அடிக்கடி தென்படும் ‘டி பிளஸ்’, ‘டி மைனஸ்’ என்ற குறிகளையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மெலனினாக மாற்றும் பாதையில் முதல் வேலையைச் செய்வது டைரோசினேஸ் என்ற நொதி. அது இயங்காவிட்டால் கறுப்பின் சுவடே இருக்காது. இது டி மைனஸ். அது இயங்கியும் பாதையின் பின்கட்டத்தில் தடை விழுந்தால், கறுப்புக்குப் பதிலாக வெளிறிய பழுப்போ ஊதா கலந்த சாம்பலோ தங்கிவிடும். இது டி பிளஸ். சந்தையில் இந்தக் குறிகளை ஒட்டுபவர்கள் பெரும்பாலும் தோலைச் சோதித்து ஒட்டுவதில்லை, பார்த்த மாத்திரத்தில் ஒட்டுகிறார்கள் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

குணம் கைமாறும் மூன்று வழிகள்

பள்ளிப் பாடத்தில் வந்த மெண்டலின் பட்டாணிச் செடிதான் இங்கும் வழிகாட்டி. ஒவ்வொரு மரபணுவுக்கும் பாம்பிடம் இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று.

1. ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதிகளும் பிறழ்ந்திருந்தால்தான் நிறம் மாறும். ஒன்று மட்டும் பிறழ்ந்த பாம்பு முற்றிலும் இயல்பாகத் தோன்றும், ஆனால் குணத்தைச் சுமக்கும். இதற்குத்தான் ‘ஹெட்’ என்று பெயர். அல்பினோ, அனெரி, லெப்பர்ட், பிளட் ஆகியவை இந்த வகை.

2. ஓங்கு பண்பு. ஒரு பிரதியே போதும். இரண்டு இருந்தாலும் தோற்றம் அதேதான்.

3. முழுமைபெறா ஓங்குத்தன்மை. ஒரு பிரதி இருந்தால் ஒரு தோற்றம், இரண்டு இருந்தால் வேறொரு தோற்றம். இரண்டாவதை ‘சூப்பர்’ என்கிறார்கள். மோட்லி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஒற்றைப் பிரதியில் முதுகுத் திட்டுகள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலிபோல நீண்டு, நடுவே வட்டத் தீவுகள் தெரியும், விலாப்புறம் துடைத்தாற்போல் இருக்கும். இரட்டைப் பிரதியில் உடல் ஏறக்குறைய முழுக் கறுப்பு. வளர்ப்பாளர்களின் நெடுநாள் அனுபவப்படி அந்தக் கறுப்புக் குட்டிகள் பெரும்பாலும் நெடுநாள் வாழ்வதில்லை.

பழைய வளர்ப்பாளர்கள் மூன்றாவதை ‘இணை ஓங்கு’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். பாடநூல் பொருளில் அது தவறு. சந்தைப் பேச்சில் அந்தச் சொல் வந்தால் முழுமைபெறா ஓங்கு என்றே புரிந்துகொள்ள வேண்டும்.

ஹைப்போ இரண்டாவது வகையா மூன்றாவது வகையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. காரணம் எளிது: ஒற்றைப் பிரதி உள்ள ஹைப்போவையும் இரட்டைப் பிரதி உள்ள ‘சூப்பர் ஹைப்போ’வையும் கண்ணால் பிரிக்க முடிவதில்லை. இயல்பான துணையோடு இணைத்துப் பிறக்கும் குட்டிகளை எண்ணித்தான் பிரிக்க வேண்டும். பத்துக் குட்டிகளும் ஹைப்போவாகப் பிறந்தால், தாய் ஒற்றைப் பிரதிக்காரியாக இருந்து அப்படி நேர்வதற்கான வாய்ப்பு 1,024இல் ஒன்று. ஆகவே அவளைச் சூப்பர் என்று நம்பலாம். ஒரே ஒரு இயல்பான குட்டி பிறந்தாலும் அந்தப் பட்டம் பறிபோகும்.

பாம்பைப் பார்க்க வேண்டிய வரிசை

அனுபவசாலிகள் முதலில் முதுகைப் பார்ப்பதில்லை. முதுகு பகட்டானது, பார்வையை அங்கேயே நிறுத்திவிடும்.

1. கண்ணும் நாக்கும். கண்மணி சிவந்து, நாக்கும் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் மெலனின் இல்லை, அல்பினோதான். கண் இயல்பாக இருந்து உடல் மட்டும் வெளிறியிருந்தால் ஹைப்போவை நினைக்கலாம். நேர் வெளிச்சத்தில் மட்டும் கண்மணியில் மாணிக்கச் சிவப்பு ஒளிர்ந்தால் டி பிளஸ் வகை மீது சந்தேகம் கொள்ளலாம்.

2. வால். இயல்பான போவாவின் செம்மை இங்கேதான் மிகுதி. வால் சாம்பலும் கறுப்புமாக மட்டும் இருந்தால் அனெரி. கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை, வெண்மையும் இளஞ்சிவப்புமாகக் கண்ணும் சிவந்திருந்தால் அல்பினோவும் அனெரியும் ஒரே உடலில் சேர்ந்த ‘ஸ்னோ’.

3. விலாவும் அடிவயிறும். மிளகு தூவியதுபோன்ற கறும்புள்ளிகள் இயல்பான போவாவில் இங்கே நிறைய. அவை கணிசமாகக் குறைந்து, முதுகுத் திட்டுகளின் கறுப்பு விளிம்பும் மெலிந்திருந்தால் ஹைப்போ.

4. முதுகின் வடிவம். இது கடைசியில். திட்டுகள் கோத்திருக்கின்றனவா, கிழிந்திருக்கின்றனவா, ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சேர்க்கைப் பெயர்கள் இந்த அடிப்படைகளின் கூட்டல். அல்பினோவுடன் ஹைப்போ சேர்ந்தால் சன்குளோ. அனெரியுடன் ஹைப்போ சேர்ந்தால் கோஸ்ட். மூன்றும் சேர்ந்தால் மூன்குளோ. இரண்டு ஒடுங்கு பண்புகளுக்கும் ஹெட்டாக உள்ள பெற்றோரைச் சேர்த்தால் ஸ்னோ பிறக்கும் வாய்ப்பு 16இல் ஒன்று. அதே பெற்றோரில் ஒருவர் மட்டும் ஒற்றைப் பிரதி ஹைப்போவாகவும் இருந்தால் மூன்குளோ கிடைப்பது 32இல் ஒன்று. விலை ஏறுவதன் இரகசியம் இந்தப் பின்னங்களில் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். அல்பினோவில் கறுப்பு ஏற்கெனவே போய்விட்டது. கறுப்பைக் குறைக்கும் ஹைப்போ அங்கே வந்து என்ன செய்துவிட முடியும்? கறுப்பு இருந்திருக்க வேண்டிய இடங்கள் சாதாரண அல்பினோவில் வெள்ளையாகவோ வெளிறிய ஊதாவாகவோ எஞ்சும். சன்குளோவில் அந்த வெள்ளை இடங்கள் சுருங்கி ஆரஞ்சு பரவும். கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அவ்வளவுதான். நல்ல நிறமுள்ள அல்பினோவையும் சுமாரான சன்குளோவையும் பக்கத்தில் வைத்தால் தேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள்.

ஒரே வெள்ளை, இரண்டு மரபணு

‘கால்’, ‘ஷார்ப்’ என்பவை அந்த அல்பினோ வகைகளை நிலைநிறுத்திய அமெரிக்க வளர்ப்பாளர்களின் குடும்பப்பெயர்கள். பாம்புக்கு ஏது கால் என்று கேட்டுவிட வேண்டாம். போவாவுக்குப் பின்னங்காலின் எச்சமாக இரண்டு சிறு முட்கள் உண்மையிலேயே உண்டு. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இந்தக் காலை அறிந்துகொள்ளப் பாம்பின் உதவி போதாது, வளர்த்தவரின் குறிப்பேடும் வேண்டும்.

இரண்டும் ஒடுங்கு பண்புகள். இரண்டுக்கும் சிவந்த கண். இரண்டையும் சந்தையில் டி மைனஸ் என்றே சொல்கிறார்கள். ஆனால் ஒரு கால் அல்பினோவையும் ஒரு ஷார்ப் அல்பினோவையும் இணைத்தால் பிறக்கும் குட்டிகள் ஒன்றுகூட அல்பினோ அல்ல. எல்லாம் இயல்பான பழுப்பு நிறம்! விவரம் தெரியாமல் இரண்டு அல்பினோக்களை வாங்கி, ஆண்டுக்கணக்கில் வளர்த்து இணைப்பவருக்கு மிஞ்சுவது ஒரு டப்பா நிறையச் சாதாரணப் பாம்புகள்.

காரணம், இரு வகைகளிலும் பழுதானவை வெவ்வேறு மரபணுக்கள். கால் வகையின் பழுதான பிரதிக்கு ஷார்ப் பெற்றோர் நல்ல பிரதியைத் தருகிறது; ஷார்ப் வகையின் பழுதுக்குக் கால் பெற்றோர் ஈடுகட்டுகிறது. குட்டிகள் ஒவ்வொன்றும் இரண்டுக்கும் ஹெட். மரபியலில் இதை நிரப்புச் சோதனை என்பார்கள். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: டைரோசினேஸ் மரபணுவின் பழுது இவ்விரண்டில் அதிகபட்சம் ஒன்றில்தான் இருக்க முடியும். இரண்டுக்கும் டி மைனஸ் என்று சீட்டு ஒட்டுவது எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மலைப்பாம்பு இனமான பந்து மலைப்பாம்பில் இந்த விவகாரம் ஆய்வகம் வரை போயிருக்கிறது. உரிமையாளர்கள் அனுப்பிய சட்டைகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று வெளிறிய மார்ஃப்களுக்கு மூன்று தனித்தனி மரபணுக்கள் காரணம் என்று காட்டியது. பாம்பைக் குத்தவோ அறுக்கவோ தேவையில்லை. உரித்துப் போட்ட சட்டையே போதும். கண்ணாலும் குறிப்பேட்டாலும் நடக்கும் இந்த வேலையைக் காலப்போக்கில் சோதனைக்கூடம் எடுத்துக்கொள்ளும் என்றே தோன்றுகிறது.

ஏமாற்றும் நிறங்கள்

மரபணு மாறாமலே போவாவின் நிறம் மாறலாம். தவறான பெயர்களில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன.

பகலும் இரவும்: போவா நிறமிகளைச் செல்லுக்குள் விரித்தும் சுருக்கியும் வெளிறவோ அடரவோ செய்யும். இரவில் எடுத்த படத்தில் ஹைப்போ போலத் தெரிவது மறுநாள் பகலில் சாதாரணப் பாம்பாக இருக்கும்.

சட்டை உரிக்கும் காலம்: உரிப்பதற்குச் சில நாள் முன்பு கண்ணில் நீலப் பால் படர்ந்து உடல் முழுவதும் மங்கும். அப்போது எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

வயது: பிறந்தபோது வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருந்த அல்பினோ வளர வளர மஞ்சள் ஏறும். ‘ஐ.எம்.ஜி.’ என்ற வகை இதற்கு நேர் எதிர்; பிறக்கும்போது ஏறக்குறைய இயல்பாக இருந்துவிட்டு, சட்டைக்குச் சட்டை கறுத்துக்கொண்டே போகும்.

தாயின் உடல்வெப்பம்: போவா ஐந்து முதல் எட்டு மாதம் கருவைச் சுமக்கிறது. அந்தக் காலத்தில் வெப்பம் தாறுமாறானால் குட்டிகளின் முதுகுத் திட்டுகள் குலைந்து பிறக்கலாம். ஜங்கிள் என்று விற்கத் தூண்டும் தோற்றம் அது. ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கடத்த அதனிடம் எதுவும் இல்லை.

இவை அனைத்தையும்விடச் சுவையானது ஹோண்டுராஸ் கடலில் உள்ள காயோஸ் கொச்சினோஸ் தீவுகளின் போவா. சந்தையில் ‘ஹாக் ஐலண்ட்’ என்று பெயர். அங்குள்ள பாம்புகள் இயற்கையாகவே வெளிறியவை, உருவிலும் சிறியவை. பார்த்ததும் ஹைப்போ என்று சொல்லத் தோன்றும். அது ஒற்றைப் பிறழ்வு அல்ல. ஒரு தீவுக் கூட்டத்தின் மொத்த இயல்பு. அதைப் பெருநிலப் போவாவோடு கலந்தால் குட்டிகள் இடைப்பட்ட நிறங்களில் பிறக்குமே தவிர மெண்டலின் கணக்குப்படி பாதிக்குப் பாதி பிரியாது. செல்லப்பிராணி வணிகத்துக்காக இந்தத் தீவுகளிலிருந்து போவாக்கள் பெருமளவில் அள்ளப்பட்ட காலம் ஒன்று இருந்தது. எண்ணிக்கை சரிந்து பின்னர் மீண்டது. ‘பாஸ்டல்’ என்று விற்கப்படுபவையும் பலவேளைகளில் இப்படிப் பல மரபணுக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துச் சேர்த்த நிறமே. அதை ஒற்றை மார்ஃப் என்று விற்பது மிகைப்படுத்தல்.

66 சதவீதம் என்பதன் பொருள்

பாம்பின் உடலில் 66 சதவீதம் எதுவும் கலந்திருக்கவில்லை. ஹெட் என்றால் ஹெட், இல்லை என்றால் இல்லை. சதவீதம் நம் அறியாமையின் அளவு.

ஹெட்டான இருவரை இணைத்தால் நான்கில் ஒரு குட்டி நிறம் மாறிப் பிறக்கும். மீதி மூன்றும் இயல்பாகத் தோன்றும். அவற்றில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் இயல்பு. எது எது என்று தெரியாததால் மூன்றுக்கும் ‘66 சதவீத ஹெட்’ என்று சீட்டு. ஹெட்டையும் இயல்பான பாம்பையும் இணைத்தால் எல்லாக் குட்டிகளுக்கும் 50 சதவீதம். நிறம் மாறிய பெற்றோர் ஒருவர் இருந்தால் மட்டுமே குட்டிகளை ‘100 சதவீத ஹெட்’ என்று உறுதியாகச் சொல்லலாம்.

66 சதவீத ஹெட் அனெரி ஒன்றை, நிறம் வெளிப்பட்ட அனெரியோடு இணைத்ததாகக் கொள்வோம். ஐந்து குட்டிகள், ஐந்திலும் அனெரி இல்லை. இப்போது அந்தப் பாம்பு ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 6 சதவீதமாகிவிடும். பத்தும் இயல்பானால் 500இல் ஒன்று. மாறாக ஒரே ஒரு அனெரி பிறந்தால் போதும், கேள்வி முடிந்தது. இதைச் செய்து பார்க்கப் போவா பருவமடையும் வரை மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால்தான் சீட்டிலுள்ள சொல்லை நம்பிப் பணம் கைமாறுகிறது.

பெயர் தவறினால் என்ன ஆகும்

பண இழப்பு ஒரு பக்கம். தெரியாமல் இரண்டு மோட்லிகளை இணைப்பவர் நான்கில் ஒரு பங்குக் குட்டிகளை நோஞ்சானாகப் பிறக்கவைக்கிறார் என்பது அதைவிடப் பெரியது.

சட்டத்துக்கு மார்ஃப் ஒரு பொருட்டல்ல, இனம்தான் முக்கியம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்ஸ்’ உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் போவா கன்ஸ்ட்ரிக்டர் இருக்கிறது. அர்ஜென்டினாவின் துணையினம் மட்டும் இன்னும் கடுமையான முதல் இணைப்பில். துணையினத்தைப் பிரித்தறிய உதவுபவை முதுகுத் திட்டுகளும் நிறமும். மார்ஃப் அழித்துவிடுவதும் அவற்றைத்தான். ஸ்னோ போவா ஒன்றைச் சுங்க அதிகாரியின் மேசையில் வைத்தால், அது எந்த நாட்டுக் கூட்டத்திலிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்லப் பிடிமானமே இருக்காது.

நம் விமான நிலையங்களுக்கும் இது அந்நியமல்ல. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்ஸ் பட்டியல் உயிரினங்களைத் தன் நான்காம் அட்டவணையில் சேர்த்தது. 2024இல் வந்த விதிகளின்படி, அவற்றை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையவாசலில் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும். சன்குளோ என்று எழுதினாலும் ஸ்னோ என்று எழுதினாலும் அரசுக்கு அது போவா மட்டுமே.

22 மகள்கள்

நிறப்பெயரைச் சரியாகப் படித்ததால் அறிவியலுக்குக் கிடைத்த ஒரு வரவையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ‘காரமல்’ என்னும் அரிய ஒடுங்கு நிறமுள்ள ஒரு பெண் போவா இரண்டு ஈற்றில் 22 குட்டிகள் போட்டது. அனைத்தும் பெண். அனைத்தும் காரமல்.

கணக்கைப் பாருங்கள். தந்தை இயல்பான பாம்பானால் ஒரு காரமல்கூடப் பிறக்காது. தந்தை ஹெட்டானால் பாதி பிறக்கலாம். 22க்கு 22 காரமலாவதற்கு வாய்ப்பு ஏறத்தாழ 42 லட்சத்தில் ஒன்று. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வைச் சோதித்தபோது குட்டிகளில் தந்தையின் பங்கு எதுவுமே இல்லை. தாய் தனியாகவே ஈன்றிருக்கிறாள்.

அப்போது பாம்புகள் எல்லாவற்றிலும் பெண்ணுக்கு இசட், டபிள்யூ என்ற இரு பால்குரோமோசோம்கள் இருப்பதாகவே கருதப்பட்டது. தந்தையில்லாத குட்டிக்குத் தாயின் ஒரே பால்குரோமோசோம் இரட்டித்து வரும்; இரண்டு இசட் என்றால் ஆண். அந்தக் கணக்குப்படி இந்த மகள்கள் இரண்டு டபிள்யூ கொண்டவர்களாக இருந்தாக வேண்டும். அப்படியோர் உயிர் பிழைக்காது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. 2010இன் இறுதியில் வெளியான அந்த ஆய்வு பரபரப்பானது. ஏழு ஆண்டுகள் கழித்து, போவாவிலும் மலைப்பாம்பிலும் பால்நிர்ணயம் மனிதரைப் போலவே எக்ஸ்-ஒய் முறையில் நடக்கிறது என்று வேறொரு குழு 2017இல் நிறுவியது. பந்து மலைப்பாம்பு வளர்ப்பாளர்கள் ‘பனானா’ என்னும் மார்ஃபில் ஆண் குட்டியும் பெண் குட்டியும் சமமாகப் பிறப்பதில்லை என்று நெடுநாளாகச் சொல்லிவந்ததும் அதோடு பொருந்தியது. அந்த 22 மகள்களிடமும் இரண்டு டபிள்யூ இருந்திருக்கவில்லை, இரண்டு எக்ஸ்தான் இருந்தது.